உளுத்த கட்டைக்குள் ஒரு குட்டிக் குளம்... வாலால் மூச்சுவிடும் பைன் ஈயின் கதை!

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் மலைப்பகுதி. வானம் பார்த்து நிற்கும் பைன் மரங்கள். தரையெங்கும் பாசியும் புதர்ச்செடிகளும். நடுவில், எப்போதோ வெட்டப்பட்ட ஒரு பெரிய பைன் மரத்தின் அடிக்கட்டை நிற்கிறது. அதன் நடுப்பகுதி இற்றுப்போய்க் குழி விழுந்திருக்கிறது. குழிக்குள் தேங்கிய மழைநீர் கடுங்காபி நிறத்தில் கிடக்கிறது. மேலே நாலைந்து ஊசி இலைகள் மிதக்கின்றன.

வழிப்போக்கர்கள் யாரும் நின்று பார்க்கிற காட்சி அல்ல இது. ஆனால், சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, அந்தக் குழிக்குள் கைவிட்டுத் துழாவி, சகதியை ஒரு வெள்ளைத் தட்டில் அள்ளிப்போட்டு, பொறுமையாகக் கிளறிப் பார்க்கிற சிலர் அங்கே உண்டு. அவர்கள் தேடுவது தங்கத்தை அல்ல, புழுவை. அதுவும் ஓர் ஈயின் புழுவை!

அந்த ஈயின் பெயர் பைன் ஹோவர்ஃப்ளை. அறிவியல் பெயர், பிளெரா ஃபேலக்ஸ். பிரிட்டனில் அழிவின் விளிம்பு வரை போய்விட்ட பூச்சிகளில் இதுவும் ஒன்று. ஈ அழிந்தால் நல்லதுதானே என்று தோன்றலாம். சாப்பாட்டுத் தட்டைச் சுற்றும் வீட்டு ஈயை வைத்து எல்லா ஈக்களையும் எடைபோட்டுவிடுகிறோம். ஹோவர்ஃப்ளைகளின் சங்கதியே வேறு. இவை அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கும், பூவில் தேன் குடிக்கும், மகரந்தம் சுமக்கும். பலவற்றுக்குத் தேனீ வேஷமோ குளவி வேஷமோ கச்சிதமாகப் பொருந்தும். கொடுக்கு மட்டும் கிடையாது. உலகம் முழுக்கச் சுமார் 6,000 வகைகள் இருக்கின்றன. பிரிட்டனில் மட்டும் 280-க்கும் மேல்.

பைன் ஹோவர்ஃப்ளை, கறுத்த உடம்பும் ஆரஞ்சுச் சிவப்பில் வால் நுனியும் கொண்ட அழகான ஈ. வளர்ந்த ஈயாக அது வெளியே உலவுவது கோடையில் சில வாரங்கள்தான். மிச்ச வாழ்க்கை முழுவதும், அதாவது ஏறக்குறைய ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடங்கள், அந்தக் காபி நிறக் குழிக்குள் புழுவாகவே கழிகிறது. ஆகவே, இந்த ஈயைக் காப்பாற்ற நினைத்தவர்கள் முதலில் படிக்க வேண்டியிருந்தது ஈயை அல்ல, புழுவை.

காலும் இல்லை, கண்ணும் இல்லை!

மக்கிய மரத்தில் புழு என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கும். பட்டுப்போன தென்னைத் தடியைப் பிளந்தாலோ, எருக்குழியைக் கிளறினாலோ, வெள்ளை வெளேரென்று கொழுத்து, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்குமே, அது. அதற்குப் பழுப்பு நிறத்தில் கெட்டியான தலை உண்டு, கடிக்கத் தாடை உண்டு, மார்பில் மூன்று ஜோடிக் கால்களும் உண்டு.

ஈயின் புழுவுக்கு இதில் எதுவுமே கிடையாது. மூட்டுள்ள கால்கள் ஒன்றுகூட இல்லை. உலகத்தில் எந்த ஈயின் புழுவுக்கும், எந்தக் கொசுவின் புழுவுக்கும் அப்படிப்பட்ட கால் கிடையாது என்பது பூச்சியியலில் ஒரு பாலபாடம். ஹோவர்ஃப்ளை, வீட்டு ஈ போன்றவற்றின் புழுக்கள் இன்னும் ஒருபடி மேலே போய், தலையையும் தொலைத்துவிட்டன. தொலைத்துவிட்டன என்பதைவிட, உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டன என்று சொல்வது சரி. வெளியிலிருந்து பார்த்தால் தலையும் தெரியாது, கண்ணும் தெரியாது. ஒரு முனையில் வாய், மறுமுனையில் மூச்சுத் துளை, நடுவில் மடிப்பு மடிப்பாகத் தோல். அவ்வளவுதான்.

குறைப் பிறவிபோலத் தெரிகிற இந்த உடம்பு, உளுத்த கட்டைக்குள் வாழ அளவெடுத்துத் தைத்த சட்டை.

முதலில் மூச்சு. மக்கிய மரக்குழிக்குள் இருக்கும் நீரில் ஆக்ஸிஜன் மிகவும் குறைவு. மரத்தை மக்கவைக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடும். மீனைப் போட்டால் பிழைக்காது. இந்தப் புழுவோ, தண்ணீரை நம்பவே இல்லை. உடம்பின் பின்முனையில் ஒரு குழாய். அதன் நுனியில் மூச்சுத் துளைகள். அங்கிருந்து இரண்டு காற்றுக் குழல்கள் உடம்பின் முன்பக்கம் வரை ஓடுகின்றன. வாலைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, வெளிக்காற்றையே நேராக உள்ளிழுத்துக்கொள்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்து போக வேண்டாம். மூடாத தண்ணீர் டிரம்மில் கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் பின்பக்கக் குழாயை மேற்பரப்பில் செருகித்தான் மூச்சுவிடுகின்றன. கொசுவும் ஈயும் ஒரே பெரிய குடும்பத்தின் இரு கிளைகள். மரப்பொந்தில் தேங்கும் நீரில் முட்டையிடும் பழக்கம் கொசுக்களுக்கும் உண்டு. டெங்கு பரப்பும் ஆசியப் புலிக்கொசுவின் பூர்வீக வீடே மரப்பொந்துதான். பிளாஸ்டிக் கப்பும் பழைய டயரும் அதற்குப் பின்னால் கிடைத்த வாடகை வீடுகள்.

ஹோவர்ஃப்ளைகளில் ஒரு பிரிவின் புழுக்களுக்கு இந்த மூச்சுக் குழாய் அநியாயத்துக்கு நீளம். ஆங்கிலத்தில் ‘எலிவால் புழு’ என்றே பெயர். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஆன்டெனாபோல, குழாய்க்குள் குழாயாக மடிந்து இருக்கும். நீர்மட்டம் உயர்ந்தால் வால் நீளும். தாழ்ந்தால் சுருங்கும். உடம்பைவிடப் பல மடங்கு நீளத்துக்குக்கூட இழுக்கும். பைன் ஹோவர்ஃப்ளை புழுவின் வால் அத்தனை நீளம் இல்லை, குட்டையானது. அதனால் அது ஆழத்தில் போய் உட்கார முடியாது. மேற்பரப்பை ஒட்டிய ஈரச் சகதிதான் அதன் வாசஸ்தலம். அதே குழியில் வாழும் மையாத்ரோப்பா ஃப்ளோரியா என்ற இன்னொரு ஹோவர்ஃப்ளையின் புழுவுக்கு நீண்ட வால். அது கீழே இறங்கி மேயும். ஒரே குழிக்குள் மாடி வீடும் தரைத்தளமும் மாதிரி!

சாப்பிடுவது மரத்தை அல்ல

கட்டைக்குள் இருப்பதால் கட்டையைத் தின்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மரம் என்பது லிக்னின், செல்லுலோஸ் எனும் கடினமான பொருள்களால் ஆனது. கடிக்கத் தாடையே இல்லாத புழு அதை என்ன செய்துவிட முடியும்?

அது உண்பது, மரத்தை மக்கவைக்கும் பாக்டீரியாக்களை. அந்த முறையும் விசித்திரமானது. வாய் வழியாகச் சகதி கலந்த நீரை உறிஞ்சுகிறது. தொண்டைக்குள் சீப்புப் பற்கள்போல வரிவரியாக மேடுகள் இருக்கின்றன. அந்தச் சல்லடையில் நுண்ணுயிர்கள் தங்கிவிடும். தண்ணீர் வெளியே போய்விடும். மறுபடி உறிஞ்சல், மறுபடி வடிகட்டல். டீக்கடை வடிகட்டியின் வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே வடிகட்டியில் தங்குவதுதான் சாப்பாடு.

மூன்றாவது விஷயம், பிடிமானம். கால் இல்லை என்றோம். ஆனால், வயிற்றுப் பக்கத்தில் சின்னச் சின்னச் சதைக் குமிழ்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் வளைந்த கொக்கிகள். வழுக்கும் ஈர மரத்தில் அவற்றை மாட்டிக்கொண்டுதான் நகர்கிறது.

இவ்வளவும் சேர்ந்தால் ஒன்று புரியும். காற்று எட்டும் தூரத்தில் ஈரம், கொக்கி மாட்ட மெத்தென்ற மரம், குடிக்கப் பாக்டீரியாக் கஞ்சி... இந்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரு வருடத்துக்குக் குறையாமல் வற்றாமல் இருந்தால்தான் இந்தப் புழு ஈயாகும். அப்படிப்பட்ட இடம் காட்டில் எளிதில் கிடைக்காது. பைன் ஹோவர்ஃப்ளையின் சோகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வனத்துறையின் எதிரி, ஈயின் நண்பன்

பைன் மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியில் பிசின் ஊறியிருக்கும். அது லேசில் மக்காது. சாதாரணமாக வெட்டப்பட்ட பைன் கட்டையில் வெளிவட்டம்தான் முதலில் உதிரும். நடுப்பகுதி கல்லுப்போல நிற்கும். அதில் தண்ணீர் தேங்கக் குழி எங்கிருந்து வரும்?

அதற்கு ஒரு பூஞ்சை உதவ வேண்டும். பெயர், ஃபேயோலஸ் ஷ்வைனிட்ஸி. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால், கம்பளி நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர்களுக்கு இது பழக்கமான பூஞ்சை. மஞ்சள், பழுப்பு நிறங்களை இதிலிருந்து எடுப்பார்கள். இது வேர் வழியாக ஏறி, உயிரோடு நிற்கும் மரத்தின் அடிப்பகுதியை உள்ளேயே தின்னும். மரம் வெளியே திடமாகத் தெரியும். வெட்டினாலோ, புயலில் முறிந்தாலோ, நடுவில் பழுப்பு நிறத்தில் பொடிந்துபோன மரம் தென்படும். அதில் மழை பெய்து ஊறினால் நமது குட்டிக் குளம் தயார்.

மர வியாபாரத்தின் கண்ணில் இந்தப் பூஞ்சை ஒரு நோய். அடிமரத்தைக் கெடுத்து விலையைக் குறைத்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் பார்ப்பார்கள். வயதான மரங்களில் பூஞ்சை பரவ நீண்ட காலம் கிடைக்கும் என்பதால், மரங்களை இளசாக இருக்கும்போதே வெட்டிவிடுவதும் வழக்கம். ஸ்காட்ஸ் பைன் 300 வருடங்களுக்கு மேலும் வாழக்கூடிய மரம். தோட்டக் காடுகளில் அதற்கு அந்த ஆயுள் கிடைப்பதில்லை.

இளம் மரத்தின் கட்டை சிறியது. அதில் பூஞ்சையும் இருக்காது. ஒருவேளை குழி விழுந்தாலும், ஒரு நல்ல வெயில் காலத்தில் காய்ந்துவிடும். குழி காய்ந்தால் உள்ளே இருக்கும் புழுவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. நல்ல பெரிய கட்டையில் விழுந்த குழிக்கும் நிரந்தர ஆயுள் இல்லை. சில வருடங்களில் சுவர் இற்று, தண்ணீர் ஒழுகிப்போகும். அதற்குள் பக்கத்தில் இன்னொரு குழி உருவாகியிருந்தால்தான் அடுத்த தலைமுறை ஈ முட்டையிட முடியும்.

ஸ்காட்லாந்தின் பழைய பைன் காடு, பல நூற்றாண்டுகளாக வெட்டப்பட்டும், மேய்ச்சலுக்கு அழிக்கப்பட்டும் துண்டு துண்டாகச் சுருங்கிவிட்டது. இரண்டு உலகப் போர்களின்போதும் மரத்துக்காக ஏகமாக வெட்டினார்கள். மிச்சமிருக்கும் துண்டுகளில் கிழட்டு மரம் குறைவு. உளுத்த பெரிய கட்டை அதைவிடக் குறைவு. பைன் ஹோவர்ஃப்ளை வட ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இன்னும் இருக்கிறது. பிரிட்டனில் அது ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள ஓரிரு காட்டுத் துண்டுகளுக்குள் ஒடுங்கிப்போனது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடைசிக் காலத்தில் இந்த ஈ முட்டையிட நம்பியிருந்த குழிகளில் பல, மனிதன் வெட்டிவிட்டுப் போன மரங்களின் அடிக்கட்டைகளில் இருந்தவை. காட்டை அழித்த அதே வெட்டுதான், அங்கொன்றும் இங்கொன்றுமாக அதற்கு வீடும் கொடுத்திருக்கிறது.

ஈயைத் தேடாதே, புழுவைத் தேடு!

1988-ல் ஸ்காட்லாந்தில் ஈ ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ‘மலாக் சொசைட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த மண்ணில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் ஈக்களைப் பற்றி நிறைய எழுதிய ஜான் ரஸல் மலாக்கின் நினைவாக வைத்த பெயர். ஈக்களுக்காகவே ஒரு சங்கம் என்றால் சிரிப்பு வரும்தான். ஆனால், மக்கிய மரத்தில் வாழும் ஈக்களைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் பெரும் பகுதி, இவர்களைப் போன்றவர்கள் கட்டைகளைக் கிளறிச் சேர்த்ததுதான்.

இவர்களில் முக்கியமானவர் கிரஹாம் ராதரே. ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் பூச்சிகளைக் கவனித்தவர். ஹோவர்ஃப்ளை புழுக்களை அடையாளம் காண 1993-ல் ஒரு வண்ணக் கையேடு எழுதியவர். அவரும் இயன் மெக்கோவன் என்பவரும் செய்த ஒரு காரியம், தேடும் முறையையே மாற்றிவிட்டது.

கேலிசெரா ரூஃபா என்று இன்னொரு பைன் காட்டு ஹோவர்ஃப்ளை உண்டு. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. ஆகவே, அரிதிலும் அரிது என்று முடிவு கட்டியிருந்தார்கள். ராதரேவும் மெக்கோவனும் பறக்கும் ஈயைத் தேடுவதை விட்டுவிட்டு, மரக்குழிகளில் புழுவைத் தேடினார்கள். புழு இடம் இடமாகக் கிடைத்தது! ஈ அரிதல்ல, மனிதர்கள் பார்க்காத நேரத்தில், பார்க்காத உயரத்தில் பறந்துகொண்டிருந்தது, அவ்வளவே.

அதே முறையில் பைன் ஹோவர்ஃப்ளையைத் தேடினார்கள். இங்கே பதில் தலைகீழ். இது உண்மையிலேயே அரிது. குழி குழியாகக் கைவிட்டும் பெரும்பாலான குழிகளில் ஒன்றும் இல்லை.

தேடிப்போகிறவர்கள் கையில் தட்டுப்படும் மற்ற ஈப்புழுக்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். மரப்பட்டையை உரித்தால் ஸைலோஃபேகஸ் என்ற ஈயின் புழு இருக்கும். இதற்குத் தலை உண்டு. கூரான ஆணி மாதிரி, கறுத்துக் கெட்டியான தலை. பட்டைக்கடியில் ஊர்ந்துபோய் வண்டுப் புழுக்களைக் குத்தித் தின்னும் வேட்டைக்காரன் அது. ஸோல்ஜர் ஃப்ளை என்ற வகையின் புழுக்கள் தோலில் சுண்ணாம்புச் சத்தைப் படியவைத்து, சொரசொரப்பான கவசம் போட்டுக்கொள்ளும். கிளஸியிட் என்ற சிறு ஈயின் புழு, உடம்பை வில்லாக வளைத்து விட்டு எகிறிக் குதிக்கும்! ஐரோப்பாவின் பிர்ச் போன்ற மரங்களில் வாழும் டெம்னோஸ்டோமா ஹோவர்ஃப்ளையின் புழு மட்டும் உண்மையிலேயே மரத்தைத் துளைக்கும். அதன் மார்பின் முன்பகுதியில் இருக்கும் கொக்கிகளால், மக்கிய மரத்தைச் சுரண்டிச் சுரண்டிச் சுரங்கம் போடும். தாடை இல்லாவிட்டால் என்ன, தோளால் துளைக்கிறேன் என்கிற ஜாதி.

சங்கிலி ரம்பத்தால் ஒரு பிரசவ அறை

குழி இல்லாததுதான் குறை என்றால், நாமே குழி வெட்டிக் கொடுத்தால் என்ன?

கேட்கச் சாதாரணமான யோசனை. செய்தும் பார்த்தார்கள். சங்கிலி ரம்பத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், பெரிய பைன் அடிக்கட்டைகளின் நடுவில் குழி தோண்டினார்கள். அதில் பைன் மரச் சிராய்களையும் தூளையும் நிரப்பினார்கள். மழை பெய்தது. சிராய் ஊறியது, நுண்ணுயிர் பெருகியது. பூஞ்சை பல வருடங்களில் செய்கிற வேலையை ரம்பம் சில நிமிடங்களில் முடித்துவிட்டது. பைன் ஹோவர்ஃப்ளைகளும் இந்தச் செயற்கைக் குழிகளில் வந்து முட்டையிட்டன.

ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் எலி ராதரே தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்தப் புழுவையே எடுத்துக்கொண்டார். எந்த மாதிரிக் குழியில் வளர்கிறது, கூட யார் வாழ்கிறார்கள், எத்தனை நாளில் ஈயாகிறது என்று அலசினார். மரபணு ஆராய்ச்சியும் நடந்தது. ஸ்காட்லாந்தில் மிஞ்சியிருந்த ஈக்களிடம் மரபணு வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது. ஒரு காலத்தில் எண்ணிக்கை கடுமையாகச் சரிந்து, ஒரு கைப்பிடி ஈக்களிலிருந்து வந்த சந்ததி இது என்பதன் அடையாளம் அது.

இதற்கிடையில் புழுவின் வருடாந்தரக் கணக்கும் தெளிவானது. கோடையில் பெண் ஈ குழியின் ஓரத்தில் முட்டையிடும். பொரிந்துவரும் புழு சகதிக்குள் இறங்கிவிடும். இரண்டு முறை தோலுரித்து, மூன்றாம் பருவத்தை எட்டிய பிறகு, பனிக்காலம் முழுவதையும் குழிக்குள்ளேயே கழிக்கும். வசந்தம் வந்ததும், அத்தனை நாள் பிரியாமல் இருந்த ஈரத்தைவிட்டு வெளியேறி, ஓரளவு காய்ந்த இடமாகப் பார்த்து ஒதுங்கும். அங்கே கடைசித் தோலை உரிக்காமல், அந்தத் தோலையே இறுக்கிக் கூடாக்கிக்கொள்ளும். கூட்டின் முன்பக்கத்தில் இரண்டு குட்டிக் கொம்புகள் முளைக்கும். அவை அலங்காரத்துக்கு அல்ல. வால் வழியாக வாங்கிய மூச்சை இனி அந்தக் கொம்புகள் வழியாக வாங்க வேண்டும். உள்ளே, கண்ணே இல்லாத அந்த உடம்பு கரைந்து, முகத்தில் பாதிக்குக் கண் உள்ள ஈயாக மறுபடி கட்டப்படும்.

எல்லாப் புழுவும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரே குழியில் ஒன்றாகப் பொரிந்தவற்றில் சில, முதல் வசந்தத்தில் வெளியே வராமல் இன்னொரு வருடம் புழுவாகவே தங்கிவிடும். ஒரு கோடை கெட்டுப்போனாலும் வம்சம் முழுதும் அழியாமல் இருக்க இது ஒரு காப்பீடு மாதிரி.

ஆனால், செயற்கைக் குழி வெட்டியது மட்டும் போதவில்லை. ஈக்களே சொற்பம். இருப்பவை பறந்து போகிற தூரத்துக்குள் குழி இருக்க வேண்டும். 2013-க்குப் பிறகு, காட்டில் வளர்ந்த பைன் ஹோவர்ஃப்ளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. குழிகளில் அபூர்வமாகக் கிடைத்த புழுக்களே, இனம் முற்றாக அழியவில்லை என்பதற்குச் சாட்சியாக இருந்தன.

பனிக்கரடிக்குப் பக்கத்து வீடு

கெய்ர்ன்கார்ம்ஸ் மலையடிவாரத்தில் ‘ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க்’ என்ற உயிரியல் பூங்கா இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ராயல் விலங்கியல் சங்கம் நடத்துவது. பனிக்கரடியைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அதே பூங்காவில், பார்வையாளர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு மூலையில், பைன் ஹோவர்ஃப்ளையை வளர்க்கத் தொடங்கினார்கள்.

ஓர் ஈயைப் பூங்காவில் வளர்ப்பது பனிக்கரடியை வளர்ப்பதைவிட எளிது என்று நினைத்தால் தப்பு. புழுவுக்கு வீடு வேண்டும். கட்டையைத் தூக்கிவர முடியாது. அதனால், ஜாடிகளில் பைன் சிராயும் தண்ணீரும் போட்டு ஊறவைத்து, ஒவ்வொரு ஜாடியையும் ஒரு மரக்குழியாக மாற்றினார்கள். பாக்டீரியா பெருகும் அளவுக்கு ஊறல் பழையதாக இருக்க வேண்டும். குட்டை வால் மேற்பரப்பைத் தொடும் அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கலாம். பனிக்காலக் குளிரும் வேண்டும். வசந்தத்தில் கூடு கட்டக் காய்ந்த இடமும் தர வேண்டும். புழுவின் உடம்பைப் பற்றிச் சேர்த்துவைத்த ஒவ்வொரு தகவலும் இங்கே சமையல் குறிப்பாக மாறியது. இத்தனை வருடமும் சகதியைக் கிளறியது வீண்போகவில்லை.

ஈயான பிறகு வேறு தலைவலி. அவற்றுக்குப் பூ வேண்டும், வெளிச்சம் வேண்டும், பறக்க இடம் வேண்டும், ஜோடி சேரும் மனநிலையும் வேண்டும். வாழ்வதோ சில வாரங்கள். பெண் ஈ பிறக்கும் நேரமும் ஆண் ஈ பிறக்கும் நேரமும் தள்ளிப்போனால் ஒரு வருட உழைப்பு போச்சு. முதலில் தடுமாறினாலும், பிறகு புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகத் தொடங்கின.

2021 இலையுதிர்காலத்திலும் அதையடுத்து வந்த வசந்தத்திலும், ஜாடியில் வளர்ந்த புழுக்களை அபெர்னதி காட்டில் தயார்செய்து வைத்திருந்த அடிக்கட்டைக் குழிகளில் கொண்டுபோய் விட்டார்கள். பறவைகள் பாதுகாப்புக்கான ராயல் சங்கம் பராமரிக்கும் பைன் காடு அது. விட்டுவிட்டு வந்தால் வேலை முடிந்தது, மற்றதெல்லாம் காத்திருப்பு. புழு குழிக்குள் என்ன செய்கிறது என்று தினமும் கிளறிப் பார்க்க முடியாது. கிளறினால் அதுவே அதற்கு ஆபத்து.

2022 கோடையில், காட்டுக்குள் வைத்த கண் வாங்காமல் காத்திருந்தவர்களுக்கு அது காட்சி கொடுத்தது. கறுத்த உடம்பு, ஆரஞ்சுச் சிவப்பு வால் நுனி. பிரிட்டனின் காட்டில் ஏறக்குறைய பத்து வருடங்களுக்குப் பின் கண்ணில் பட்ட பைன் ஹோவர்ஃப்ளை. அந்தச் செய்தியைப் பிரிட்டிஷ் ஊடகங்கள், பெரிய விலங்கு ஒன்று காட்டுக்குத் திரும்பிய செய்திக்குரிய மரியாதையோடு வெளியிட்டன. ஓர் ஈக்கு இந்த வரவேற்பு கிடைப்பது அபூர்வம்.

அதன்பின் புழுக்களை விடுவது தொடர்கிறது. குழி வெட்டுவதும் தொடர்கிறது. வெட்டிய குழியை அப்படியே விட்டுவிட முடியாது. சிராய் கரைந்துபோனால் மறுபடி நிரப்ப வேண்டும், சுவர் ஒழுகினால் வேறு கட்டை பார்க்க வேண்டும். பூஞ்சை தானாகவே வேலை செய்யும் அளவுக்கு அங்கே பைன் மரங்கள் முதிர்வதற்கு இன்னும் பல தலைமுறைகள் ஆகும். அதுவரை ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் ரம்பத்தோடும் ஒரு மூட்டை பைன் சிராயோடும் அந்தக் காட்டுக்குள் போய்வர வேண்டியிருக்கும்.